பார்க்க பகா எண் மாதிரி இருந்தால் போதுமா?

தருமபுரி பின்கோடு 636701. ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் இதைப் பலகையில் எழுதி, பகா எண்ணா என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஒற்றைப்படை, 5-ல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 23 வருவதால் 3-ம் போகாது, 7-ஆல் வகுத்தால் மீதி 2, 11-ஆல் வகுத்தால் மீதி 10. சரி, இவ்வளவு போதும் என்று பேனாவை மூடிவிடுகிறார்கள். அடுத்ததாக 13-ஐப் போட்டிருந்தால் 13 × 48977 என்று மீதியில்லாமல் போயிருக்கும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு, 636700 வரைக்கும் வகுத்துக்கொண்டே போக வேண்டும் என்று பயப்படுவது. வர்க்கமூலம் 798-ஐத் தொடவில்லை, அதனால் 797 வரை உள்ள பகா எண்களைப் பார்த்தால் வேலை முடிந்தது.

பெரிய எண்களுக்குப் போனால் இன்னொரு குழப்பம். 2-ன் அடுக்கில் 2, 3, 5, 7 போட்டு ஒன்றைக் கழித்தால் 3, 7, 31, 127, எல்லாமே பகா எண்கள். உடனே அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் அப்படித்தான் என்று எழுதிவிடுவார்கள். 11 போட்டால் 2047, அது 23 × 89. விடை பகா எண் என்றால் அடுக்கும் பகா எண், அவ்வளவுதான். திருப்பிப் படித்தால் உண்மையில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 2-ன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென்னே 1644-ல் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

அந்த எண்ணில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. அது பகா எண் இல்லை என்று லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1876-லேயே காட்டிவிட்டார், ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை! 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணித அறிஞர் கோல் பிரித்துக் காட்டியது 1903-ல். ஆக, காரணி கிடைக்கவில்லை என்பதால் பகா எண் என்று முடிவுகட்டாதீர்கள், பகு எண் (சிறு எண்களின் பெருக்கலாகப் பிரியும் எண்) என்று தெரிந்துகொள்ளக் காரணியே தேவையில்லை.

ஃபெர்மா சோதனையில் தேறிவிட்டது என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பகா எண்ணை எடுத்து, அதனால் வகுபடாத எந்த எண்ணையும் அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும், இதை வைத்துச் சோதிப்பதுதான் அது. 561-ஓடு பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணையும் 560-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 561-ஆல் வகுத்தால் மீதி 1-தான் வரும், பகா எண்ணே தோற்றுப்போகும் நடிப்பு. ஆனால் 5+6+1 = 12, மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்தவன் பிடித்துவிடுவான்.

அப்புறம், 2024-ல் கண்டுபிடித்த 2-ன் 136279841-ஆம் அடுக்கு கழித்தல் 1, அதாவது 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேல் உள்ள எண்ணை, 'உலகின் கடைசிப் பகா எண்' என்று எழுதாதீர்கள். நமக்குத் தெரிந்ததில் பெரியது, அவ்வளவே. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் உங்கள் பின்கோடு 635001-ஐப் பற்றிக் கேட்பீர்கள், இலக்கங்களின் கூட்டுத்தொகை 15, அதனால் 3-ஆல் போய்விடும். வண்டி நம்பரில் தருமபுரிக்காரர்களான எங்களுக்கு TN 29, அது பகா எண், உங்களுக்கு TN 24, அதிலும் பாவம்தான்.