சாதாரணச் சளியா, சைனஸ் தொற்றா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் முறை

சளி பிடித்து நாலாம் நாள். மூக்கைச் சிந்தினால் பச்சையாக வருகிறது, கன்னம் கனக்கிறது. உடனே மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று "சைனஸுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு, மூன்று அசித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக் மாத்திரையோடு திரும்புவது நம் ஊர் வழக்கம். அந்த மூன்று மாத்திரையால் அநேகம் பேருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சளி பிடித்த பெரியவர்களில் பாக்டீரியா சைனஸ் தொற்று வரை போகிறவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். குழந்தைகளில் கொஞ்சம் கூடுதல். மற்றவர்களுக்கு வைரஸ், அது தானாக அடங்கிவிடும். அந்த ஒன்றிரண்டு பேரில் நாமும் ஒருவரா என்பதை வீட்டில் இருந்தபடியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு காலண்டரும் ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

படி 1: நாளைக் குறித்து வையுங்கள்

தொண்டை கரகரத்த நாளோ தும்மல் தொடங்கிய நாளோ, அதுதான் முதல் நாள். தினம் கிழிக்கிற காலண்டர் இதற்கு உதவாது. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர்தான் சரி. தினமும் இரவு படுக்கப் போகும்முன் காய்ச்சல் எவ்வளவு என்று எழுதுங்கள். பக்கத்தில் "கூடுதல்", "அப்படியே", "குறைவு" என்று ஏதாவது ஒரு சொல்.

சாதாரணச் சளி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும். பத்தாம் நாளில் கொஞ்சம் மூக்கடைப்பும் இருமலும் மிச்சம் இருந்தாலும், இறங்குமுகமாக இருந்தால் கவலை வேண்டாம்.

படி 2: வலி எங்கே என்று பாருங்கள்

மூக்கைச் சுற்றி எலும்புக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் இருக்கின்றன, சைனஸ் என்பது இவைதான்: கன்னத்தில் ஒரு ஜோடி, புருவத்துக்கு மேல் நெற்றியில் ஒன்று, இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒன்று, மூக்குக்குப் பின்னால் தலையின் நடுப்பகுதியில் ஆழமாக ஒன்று. எல்லாமே சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் திறக்கும். சளியில் உள்சவ்வு வீங்கும்போது அந்தத் துளைகள் அடைபடும். உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கும். கனமும் வலியும் அதனால்தான்.

கன்ன அறை என்றால் கண்ணுக்குக் கீழே கனக்கும். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் நோகும். நெற்றி அறை என்றால் புருவத்துக்கு மேலே. நடு அறைகள் என்றால் மூக்குத்தண்டும் கண்ணின் உள்மூலையும். ஆழத்தில் இருக்கும் கடைசி அறை பாதிக்கப்பட்டால் உச்சந்தலையிலோ பிடரியிலோ கண்ணுக்குப் பின்னாலோ வலிக்கும், அதைக் கண்டுபிடிப்பது டாக்டருக்கே சிரமம்.

படி 3: முக்கியமான நான்கு அறிகுறிகள்

மூக்கடைப்பு. கெட்டியான, நிறம் மாறிய சளி மூக்கு வழியாக வருவது, அல்லது பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்குவது. முகத்தில் வலி அல்லது அழுத்தம். வாசனை குறைவது. கெட்டிச் சளியோடு அடைப்போ முகவலியோ சேர்ந்தே இருந்தால்தான் சைனஸைச் சந்தேகிக்க வேண்டும். வெறும் தலைவலி மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் வேறு ஏதோ.

வாய் நாற்றம், காது அடைப்பு, படுத்தால் அதிகமாகும் இருமல், அசதி எல்லாம் கூடவே வரலாம். ஆனால் அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது.

சளியின் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சையாக வந்தாலே "சீழ் பிடிச்சிருச்சு" என்று பயப்படுகிறார்கள். கிருமியை எதிர்க்க வரும் வெள்ளையணுக்களுக்குள் பச்சை நிற நொதி ஒன்று உண்டு; நிறம் அதிலிருந்து வருவது. வைரஸ் சளியிலும் மூன்று நாலு நாளில் மஞ்சளாகி, பச்சையாகி, பிறகு தெளியும்.

படி 4: வேறு எதுவும் இல்லையே?

கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, காய்ச்சல் இல்லை என்றால் அது அலர்ஜி. வீடு ஒட்டடை அடித்த அன்றும், சாம்பிராணி போட்ட அன்றும் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்து, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல், வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருவதைப் பல பேர் சைனஸ் தலைவலி என்றே வருடக்கணக்காகச் சுமக்கிறார்கள். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைப் பரிசோதித்து அமெரிக்காவில் 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், குனிந்தால் வலி கூடும். அதனால் "குனிஞ்சு கோலம் போட முடியல, அப்போ சைனஸ்தான்" என்ற கணக்கு சரிப்படாது.

ஒரே பக்க மூக்கில் மட்டும் நாறும் சளி வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர்கள் கன்ன அறையின் தரையை ஒட்டியே இருக்கும். சொத்தை அங்கிருந்து மேலே ஏறலாம். சின்னக் குழந்தைக்கு இப்படி ஒரு பக்கம் மட்டும் நாறினால், பட்டாணியோ பாசிமணியோ ஸ்பாஞ்சுத் துண்டோ உள்ளே இருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பொம்மையில் போடும் பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே அரித்துவிடும். நீங்களே கொக்கி போட்டு எடுக்கப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படி 5: காலண்டரைப் படியுங்கள்

இனி எழுதி வைத்ததைப் பாருங்கள். பாக்டீரியா தொற்று என்று டாக்டர்கள் சந்தேகிப்பது மூன்று விதமான போக்குகளில்.

ஒன்று, பத்து நாள் கடந்தும் "குறைவு" என்ற சொல்லே விழவில்லை. இரண்டு, ஐந்தாறு நாளில் தேறிவந்து, "ஆஹா, விட்டது" என்று நினைத்த நேரத்தில் காய்ச்சலும் தலைவலியும் சளியும் மறுபடி கூடுகின்றன. மூன்று, ஆரம்பத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கெட்டிச் சளி அல்லது முகவலியோடு மூன்று நான்கு நாள் தொடர்ந்து நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்று பொருந்தினால் ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள். இரண்டாவதைத்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். "திரும்ப ஐஸ்க்ரீம் சாப்பிட்டேன், அதான்" என்று காரணம் சொல்லிவிடுவார்கள்.

குழந்தைகளுக்கும் இதே கணக்குதான். அவர்களுக்கு முகவலி சொல்லத் தெரியாது; பத்து நாளைக்கு மேல் பகலிலும் இருக்கும் இருமலும் ஒழுகும் மூக்கும்தான் அடையாளம். ஆறேழு வயதுக்கு முன் நெற்றி அறை சரியாக உருவாகியே இருக்காது என்பதால், நான்கு வயதுப் பிள்ளையின் நெற்றிவலிக்கு சைனஸ் என்று பெயர் வைக்காதீர்கள்.

படி 6: அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்

ஓய்வு, தண்ணீர், வலிக்கும் காய்ச்சலுக்கும் அளவான பாரசிட்டமால். நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும், தொற்றைக் கரைக்காது. குழந்தைகளை மட்டும் போர்வைக்குள் கொதிநீரோடு உட்கார வைக்க வேண்டாம்; பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் சாதாரணம். சுக்குப் பற்று போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கண்ணில் படாமல் போடுங்கள்.

உண்மையில் பலன் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத பொடியுப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. அளந்து போடச் சோம்பலாக இருந்தால் கடையில் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை, கேன் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. கேரளத்தில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் பேச்சாக இருந்த அமீபா மூளைக்காய்ச்சல் கிருமி, குடித்தால் அல்ல, மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. சிங்க்கின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் நாசியில் மெதுவாக ஊற்றுங்கள். மறு நாசி வழியாக வெளியே வரும். பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வையுங்கள்.

அடைப்பு நீக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும், அதில்தான் ஆபத்தும். நான்கைந்து நாளைத் தாண்டினால் மருந்து இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வரும். ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் கேட்காமல் போட வேண்டாம்.

படி 7: நாள் எண்ணக் கூடாத நேரம்

இமை வீங்குவது, கண் சிவந்து முன்தள்ளுவது, பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது. கண்ணுக்கும் நடு அறைகளுக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது, சீழ் அதைத் தாண்டிவிடும். நெற்றியில் மெத்தென்று வீக்கம். கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, இதுவரை பார்க்காத தலைவலி, ஓயாத வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. வண்டி இல்லையென்றால் 108.

சர்க்கரை கட்டுப்படாதவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் பத்து நாள் காத்திருக்கவே வேண்டாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சை நினைவிருக்கும். கன்னம் மரத்துப்போவது, இமை தொங்குவது, மூக்கிலோ மேலண்ணத்திலோ கருப்புப் பொருக்கு, நல்ல பல் ஆடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். மணிக்கணக்கில் பரவக்கூடியது.

படி 8: இ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

12 வாரம் தாண்டியும் விடாமல் இருப்பவர்கள், வருடத்தில் நாலு முறையாவது வந்து வந்து போகிறவர்கள், வாசனையே தெரியாதவர்கள், ஒரு பக்கம் மட்டும் அடைப்போ ரத்தமோ உள்ளவர்கள். நாள்பட்டதற்குப் பின்னால் மூக்குச் சதை, வளைந்த நடுத்தண்டு, அலர்ஜி, ஆஸ்துமா என்று ஏதாவது இருக்கலாம்.

போட்ட சொட்டு மருந்து, சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக், ஒத்துக்கொள்ளாத மாத்திரை எல்லாவற்றின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். புதிதாக வந்த சளிக்கு "ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமா டாக்டர்?" என்று நீங்களாகக் கேட்க வேண்டாம், வைரஸா பாக்டீரியாவா என்று அது பிரித்துக் காட்டாது. நாள்பட்ட தொல்லைக்கு அவரே எண்டோஸ்கோப்பியில் உள்ளே பார்த்து, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எழுதுவார். கர்ப்பிணியாக இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.