முன்னோர் பட்டியலுக்கு ஓர் எண் கணக்கு

முன்னோர் பெயர்களைத் தொகுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். நீங்கள் 1. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவருடைய தந்தை. அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். உங்கள் தந்தை 2, தாய் 3, தாயின் தந்தை 6.

1590-லேயே ஐரோப்பாவில் புழங்கிய முறை இது. எண்ணே உறவைச் சொல்லிவிடுவதால் கிளைப்படம் வரைந்து தாளை வீணாக்க வேண்டியதில்லை. 27 யார்? ஒற்றைப்படை என்றால் ஒன்றைக் கழித்துவிட்டுப் பாதியாக்குங்கள்: 13, 6, 3. அதாவது தாயின் தந்தையின் தாயின் தாய். விடுபட்ட எண்கள், அடுத்து யாரைத் தேட வேண்டும் என்பதையும் காட்டிவிடும்.

ஒரே ஆள் இரண்டு எண்களில் வந்தால் பிழை என்று அழித்துவிடாதீர்கள். உறவுக்குள் நடந்த திருமணத்தின் தடயமாக இருக்கலாம். 30 தலைமுறை பின்னே போனால் அந்தத் தலைமுறைக்கு மட்டும் 100 கோடிக்கும் மேற்பட்ட இடங்கள் தேவை. அன்று உலகில் அத்தனை பேரே இல்லை! ஆகவே ஒரே முன்னோர் பல இடங்களிலும், முன்பின் அறியாதவர்களின் பட்டியல்களிலும் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

உடன்பிறந்தோர், அத்தை, மாமாவுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை, அவர்களுக்குக் கிளைப்படம்தான். தத்தெடுப்பு இருந்தால் பிறப்புவழி, வளர்ப்புவழி என இரண்டு பட்டியல்கள் வையுங்கள்.