பிறர் வீட்டைக் கட்டித்தரப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் கோலாலம்பூரில் கோயில் இளைஞர் பிரிவுகளும் தேவாலயக் குழுக்களும் பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களும் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித்தரும் பயணங்களைத் திட்டமிடத் தொடங்கிவிடுகின்றன. சிலர் கம்போடியாவுக்குப் போகிறார்கள், சிலர் இலங்கை மலையகத்துக்கு, இன்னும் சிலர் நம் மலேசியாவிலேயே ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களின் கிராமங்களுக்கு. அரிசியோ துணியோ தவறாகிப் போனால் அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம். வீடு தவறாகிப் போனால் அந்தத் தவறுக்குள்ளேயே ஒரு குடும்பம் பல ஆண்டுகள் படுத்து எழ வேண்டும். செந்தூலிலிருந்து இத்தகைய குழுக்களோடு பல முறை சென்று வந்தவன் என்ற முறையில், புறப்படுவதற்கு முன் செய்யவேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் எங்கே போவது என்பதை முடிவுசெய்யுங்கள். இருபது பேர் தலைக்கு 1,000 ரிங்கிட் செலவழித்து வெளிநாடு போனால் மொத்தம் 20,000 ரிங்கிட் ஆகிறது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியத்தின்படி அது ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம். அதே பணம் பக்கத்தில் என்ன செய்யும் என்று ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்திலிருந்து வடக்கே கோல குபு பாரு மலைப்பகுதியில் ஓராங் அஸ்லி இனங்களில் ஒன்றான தெமுவான் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. சுங்கை சிலாங்கூர் அணைக்காக இடம்பெயர்க்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. வெளிநாட்டுப் பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே ஏற்கெனவே வேரூன்றிய உள்ளூர் அமைப்பு ஒன்று ஆண்டு முழுவதும் வேலை செய்துகொண்டிருந்தால் மட்டும் போங்கள். 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹாபிடேட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு, வீட்டைப் பெறும் குடும்பமும் தன் உழைப்பைப் பங்காகத் தரவேண்டும் என்பதை வழக்கமாக வைத்திருக்கிறது. எந்த அமைப்போடு சேர்ந்தாலும் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்: வீட்டுக்காரர் வேலையில் எங்கே நிற்கிறார்? அதற்குப் பதில் இல்லாத இடத்துக்குப் போகவேண்டாம்.

ஓராங் அஸ்லி கிராமத்துக்குள் நாமாக நுழைந்துவிட முடியாது. ஜாக்கோவா எனப்படும் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் அனுமதியும், கிராமத் தலைவரான தோக் பாத்தினின் சம்மதமும் வேண்டும். இரண்டையும் சில மாதங்களுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். தனியாக முயல்வதைவிட, இதே வேலையைச் செய்துவரும் எபிக் ஹோம்ஸ் போன்ற உள்நாட்டு அமைப்பு ஒன்றில் முதலில் தொண்டராகச் சேர்ந்து பயிற்சி பெறுவது நல்லது. ஒரு வீட்டைப் பிறர் எப்படி நடத்தி முடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தபிறகு சொந்தமாகக் குழு சேர்க்கலாம்.

அடுத்தது நிலம். 1954-ஆம் ஆண்டு ஓராங் அஸ்லி சட்டத்தின்படி அவர்களுக்கென ஒதுக்கப்படும் நிலத்தை மாநில அரசு திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும். டெங்கிலுக்கு அருகே புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் மக்கள் தங்கள் நிலத்தை விமான நிலைய நெடுஞ்சாலைக்கு இழந்தபின் வழக்குத் தொடுத்து, 2002-இல் உயர் நீதிமன்றத்திலும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தங்கள் மரபுவழி நில உரிமையை நிலைநாட்டினார்கள். பினாங்கில் தமிழர்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலா கிராமம் 2009-இல் இடிக்கப்பட்டதை நேரில் பார்த்த நம்மவர்களுக்கு, மண் யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. ஆகவே வீடு எழும்பப்போகும் இடத்தைத் தோக் பாத்தினோடு நடந்து பாருங்கள். அங்கே யாருக்கேனும் ஆட்சேபம் உண்டா, சாலையோ அணையோ தோட்டமோ வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதா என்று கேளுங்கள். மழைக்கால ஆற்று நீர் எதுவரை ஏறும் என்பதையும் அங்குள்ள முதியவர் ஒருவர் மரத்தில் கைவைத்துக் காட்டிவிடுவார்.

இனி வீட்டின் அமைப்பு. எங்கள் இரண்டாவது பயணத்தில் 12 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட வீடு ஒன்றை, நகரத்திலேயே வரைந்த வரைபடத்தோடு போய்க் கட்டினோம். உள்ளேயே ஓர் அழகான சமையல் மேடை வைத்தோம். அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்த மேடையின்மேல் துணிமூட்டைகள் இருந்தன. பாட்டி வீட்டுக்குப் பின்னால் நீல நிறத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டி, அதன் கீழே விறகு எரித்துச் சமைத்துக்கொண்டிருந்தார். "புகை உள்ளே நிற்குமே" என்று மலாயில் அவர் சொன்னபோது எனக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த நம் பாட்டிகள் யாரிடமாவது வரைபடத்தைக் காட்டியிருந்தால், அடுப்பு எங்கே இருக்கவேண்டும் என்பதை ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். லயத்து வீட்டை வரைந்தவர்களும் அதில் வாழப்போகிறவர்களைக் கேட்டதில்லை என்பது நமக்குத் தெரிந்த கதைதானே.

அதனால் வரைபடம் போடுவதற்கு முன் ஒரு முழு நாளை அந்தக் குடும்பத்தோடு கழியுங்கள். இருவர் போனால் போதும், கும்பல் வேண்டாம். எங்கே சமைக்கிறார்கள், வயதானவர் எங்கே படுக்கிறார், சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதையெல்லாம் கவனியுங்கள். பிறகு ஒரு குச்சியைக் கொடுத்து, தங்களுக்கு வேண்டிய வீட்டை மண்ணில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்கள் கையிலும் அந்தக் குச்சி போகவேண்டும். ஆண்கள் வாசலை வரைவார்கள், பெண்கள்தாம் அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் வரைவார்கள்.

ஒரு வீட்டுக்குப் பதினைந்து தொண்டர்கள் போதும். அவர்களோடு கூலி வாங்கும் தச்சர் இருவராவது இருக்கவேண்டும். அந்தக் கிராமத்திலேயே மரவேலை தெரிந்தவர் இருந்தால் அவருக்கே முதலிடம் கொடுத்து, வெளியாருக்குத் தரும் அதே கூலியைக் கொடுங்கள். நன்கொடைப் பணத்தில் கூலியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தக் கூலிதான் ஊரிலேயே தங்குகிறது, வீடு பழுதானால் சரிசெய்யும் கையும் அவருடையதே. தொண்டர்களுக்குப் புறப்படுவதற்கு முன் இரண்டு வார இறுதிகள் பயிற்சி கொடுங்கள்: பலகை அறுத்தல், டிரில் பிடித்தல், ஏணியில் ஏறும் முறை.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. மேற்குப் பக்கத்தில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் தோறும் இடியோடு மழை கொட்டும். கூரை வேலையைக் காலையிலேயே முடித்துவிடும்படி திட்டமிடுங்கள். எல்லோரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால், காலில் புண் உள்ளவரை அங்கே இறக்காதீர்கள்.

வேலை தொடங்கும் நாளில் அவசரப்படக்கூடாத இடம் மூலை பிடிப்பதுதான். நான்கு மூலைகளிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். 12 அடிப் பக்கமும் 16 அடிப் பக்கமும் கொண்ட வீட்டில் மூலைவிட்டம் சரியாக 20 அடி வரவேண்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாக வரும்வரை முளையை நகர்த்துங்கள். கையில் மூலைமட்டம் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், சிறிய மூலைமட்டத்தில் தெரியாத பிசகு 16 அடி தள்ளி இரண்டு அங்குலமாக வளர்ந்துவிடும். எங்கள் குழு ஒரு முறை அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய், கடைசி நாளில் கூரைத் தகடு ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் நிற்கக் கண்டது. தூண்களை நிறுத்தியதும் ரசமட்டத்தை ஒரு முகத்தில் மட்டும் வைக்காமல், அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் வைத்துப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் திருகாணி ஏற்றும்போது முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பலகை பிளந்துவிடும்.

கூரையின் நெளித்தகடுகளைக் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்க்கோடியிலிருந்து பதித்து வாருங்கள். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பில் காற்றும் மழையும் நுழையாது. திருகாணி தகட்டின் மேட்டில் இறங்கவேண்டும், பள்ளத்தில் இறங்கினால் ஓடும் நீர் அந்த வழியே உள்ளே வரும். திருகாணித் தலைக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம் லேசாக அழுந்தும் அளவோடு முடுக்குவதை நிறுத்திவிடுங்கள். பிதுங்கும் அளவுக்கு முடுக்கிய வளையம் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும்.

சமய நம்பிக்கையால் புறப்படுகிற குழுக்களுக்கு ஒரு சொல். அந்த நம்பிக்கைதான் பலரை வெயிலில் நிற்க வைக்கிறது என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் துண்டுப் பிரசுரமோ பூசையோ பிரார்த்தனைக் கூட்டமோ வீட்டோடு சேர்ந்து வரக்கூடாது. ஓராங் அஸ்லி மக்களில் தம் முன்னோர் வழிபாட்டைத் தொடர்கிறவர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடமளிக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூரைக்காகக் காத்திருக்கும் ஒருவரால் உங்கள் வழிபாட்டை மறுத்துச் சொல்ல முடியாது. புகைப்படமும் அப்படித்தான். வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டி, எங்கே போடப்போகிறீர்கள் என்று சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் வெளியிடுங்கள். குழந்தைகளின் முகத்தை வெளியிடவே வேண்டாம்.

சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. மிஞ்சிய திருகாணி, வளையம், நான்கைந்து பலகைகள், ஒரு சுத்தியல், ஒரு ரம்பம் ஆகியவற்றை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு மழைக்காலம் முடிந்தபின் தச்சரோடு மூன்று பேர் மட்டும் திரும்பிச் சென்று, கூரைக்குக் கீழே தரையில் ஈரத் தடம் இருக்கிறதா, தூணின் அடியில் கறையான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சை மரம் காய்ந்தும் ஊறியும் கோணிக்கொள்ளும் என்பதால் கதவு இடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். இழைப்புளியைக் கையோடு கொண்டுபோய் அன்றே இழைத்து, வீட்டுப் பாட்டியையே ஒரு முறை கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.