மனநலம் குலைந்தவரின் வீட்டுக்குப் போலீஸ் வரும்போது: பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்கு

வீட்டில் ஒருவருக்கு மனநிலை திடீரென மோசமாகும்போது 112-ஐ அழைப்பவர் பதற்றத்தில் சொல்வது பெரும்பாலும் "அடிக்கிறான், சீக்கிரம் வாங்க" என்பதுதான். கேட்பவருக்கு அது அடிதடிப் புகார். போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டியில் வருபவர்களும் ஆளைப் பிடிக்கும் நினைப்போடுதான் இறங்குவார்கள்.

"இது மருத்துவ அவசரம், மனநோய் இருக்கிறவர்" என்றே பேச்சைத் தொடங்குங்கள். கையில் கத்தி, கட்டை இருந்தால் மறைக்காதீர்கள். இல்லையென்றால் அதையும் அழுத்திச் சொல்லுங்கள். சைரனைத் தெருமுனையிலேயே நிறுத்தக் கேளுங்கள். அதே நேரத்தில் வேறொருவர் 108-இல் ஆம்புலன்ஸ் கேட்கட்டும். போலீஸ் வண்டி மட்டும் வந்தால் அது அவரை ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்விட வாய்ப்பு அதிகம்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் மொழி. நன்றாகக் கன்னடம் பேசுபவருக்கும் மனம் கலங்கிய நேரத்தில் தாய்மொழி மட்டுமே காதில் ஏறலாம். "கூத்கொள்ளி" (உட்காருங்கள்) என்று கான்ஸ்டபிள் மூன்று முறை சொல்லியும் அவர் உட்காரவில்லையென்றால், அது எதிர்ப்பாகத் தெரியும். அடுத்து அவர்மேல் கை வைப்பார்கள். ஆகவே வாசலிலேயே அவர்களை நிறுத்தி, "அவரிகெ மானசிக காயிலெ இதெ, தமிளு மாத்ர அர்த்த ஆகுத்தெ" (அவருக்கு மனநோய் இருக்கிறது, தமிழ் மட்டும்தான் புரியும்) என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பேச வேண்டும், அதுவும் அவர் நம்பும் ஆள். மற்றவர்களும் அக்கம்பக்கத்தாரும் வெளியே போகட்டும். வீடியோ எடுப்பவரை முதலில் அனுப்புங்கள்.

பேசுபவரும் போலீஸும் இரண்டு கை நீளமாவது தள்ளி, கதவுக்குப் போகும் வழியை மறிக்காமல் நிற்க வேண்டும். வழி அடைபட்டால் பயந்தவர் பாய்வார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிறு வாக்கியம் சொல்லி, பதிலுக்குக் காத்திருங்கள். காதில் குரல் கேட்கிறது என்றால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம்: "எனக்குக் கேக்கல, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது." "டீ குடிக்கப் போலாம்" என்று ஏமாற்றி வண்டியில் ஏற்றினால், அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது. அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். யாருக்கும் உடனடி ஆபத்து இல்லாதவரை அவசரம்தான் முதல் எதிரி.

பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், குப்புறப் போட்டு முதுகிலோ கழுத்திலோ முழங்காலை ஊன்றக் கூடாது. மூச்சடைத்து உயிரே போய்விடலாம். உடனே பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, போலீஸ் பாதுகாப்பில் எடுத்தவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏன் அழைத்துப் போகிறார்கள் என்பதையும் அவருக்கோ அவருடைய நியமனப் பிரதிநிதிக்கோ (சிகிச்சை விஷயங்களில் அவர் சார்பில் பேசுபவர்) சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. இலவசச் சட்ட உதவி உண்டு என்று அறிவிப்பதும் போலீஸின் கடமை.

மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவு ஓசூர் ரோட்டில் 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆனால் விஷம் குடித்திருந்தாலோ ரத்தக்காயம் இருந்தாலோ முதலில் போரிங், விக்டோரியா போன்ற பொது மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காய்ச்சல், தலையில் அடி, சர்க்கரை குறைவு, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் நடுக்கமும் உளறலும் வெளியே மனநோய் போலவே தெரியும். டாக்டரிடம் இவற்றைச் சொல்லாவிட்டால் நேரம் வீணாகும்.

இவ்வளவையும் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. நோயின் பெயர், மாத்திரை, மருத்துவமனை ஃபைல் எண், அவரை எது பயமுறுத்தும், எது அமைதிப்படுத்தும் என்பதை ஒரே தாளில் கன்னடத்தில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். நல்ல நாளிலேயே உங்கள் பகுதியில் ரோந்து வரும் பீட் கான்ஸ்டபிளை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து அறிமுகம் செய்யுங்கள். நிலைமை முற்றுவதற்கு முன் தமிழிலேயே ஆலோசனை கேட்க அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 இருக்கிறது. தெருச் சங்கம் இருந்தால் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, போலீஸாருக்கு இதில் அவ்வப்போது பயிற்சி தர அரசைக் கட்டாயப்படுத்தும், அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவைக் காட்டிக் கேட்கலாம்.

மறுநாள் மருத்துவமனைச் சீட்டின் நகலோடு ஸ்டேஷனுக்குப் போய், அவர்மீது வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.