வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: இதயத் தசை ஸ்லைடு பார்க்கும் முறை

முதல் வருஷ மெடிக்கல் ஸ்பாட்டர்ஸில் (ஸ்லைடைப் பார்த்துப் பெயர் எழுதும் தேர்வு) இதயத் தசை ஸ்லைடைப் பார்த்து 'எலும்புத் தசை' என்று எழுதிவிட்டு வந்தவன் நான். வரி தெரிந்தது, எழுதிவிட்டேன். வரி இரண்டிலும்தான் இருக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு டீக்கடையில் ஹிஸ்டாலஜி (திசுவியல்) ரெக்கார்டோடு முழித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்.

முதலில் லோ பவர். பத்தமடைப் பாய்க்கு அடுக்கிய கோரை மாதிரி இழைகள் பிரியாமல் நேராக ஓடினால் எலும்புத் தசை. வயக்காட்டு வாய்க்கால் மாதிரி பிரிந்து, பக்கத்து இழையோடு சேர்ந்து, மறுபடியும் பிரிந்தால் இதயம். அப்புறம் ஹை பவரில் நியூக்ளியசைப் பாருங்கள்: எலும்புத் தசையில் ஓரமாக நிறைய, இதயத்தில் நடுவில் ஒன்று, சில செல்லில் இரண்டு. குறுக்கு வெட்டு ஸ்லைடில் பல செல்களில் நியூக்ளியசே தெரியாது. வெட்டு அந்த இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான், பதற வேண்டாம்.

அடுத்து இன்டர்கலேட்டட் டிஸ்க், அதாவது இரண்டு இதயச் செல்கள் முனையோடு முனை சேரும் இடம். முழு வெளிச்சத்தில் தேடினால் கிடைக்காது. கண்டென்சருக்குக் கீழே இருக்கும் ஐரிஸைக் கொஞ்சம் மூடி, ஃபைன் ஃபோகஸை மெல்லத் திருப்பினால் இழைக்குக் குறுக்கே அடர்த்தியான கோடுகள் தெரியும். அது நேர்கோடு இல்லை, தாமிரபரணிக் குறுக்குத்துறைப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். இழைக்குக் குறுக்கே போகும் பகுதியில் டெஸ்மோசோம், ஃபேஷியா அட்ஹெரன்ஸ் என்ற பிணைப்புகள் இருக்கின்றன, துடிப்பில் செல்கள் பிய்ந்து போகாமல் பிடிப்பது அவைதான். இழையின் நீளவாக்கில் போகும் பகுதியில்தான் கேப் ஜங்ஷன்கள் (செல்லுக்குச் செல் திறக்கும் நுண்வழிகள்) அதிகம். இழுவிசை அங்கே குறைவு, மின்னோட்டம் அந்த வழியாக அடுத்த செல்லுக்குப் போகிறது. 'இதயம் மொத்தமாக ஏன் சேர்ந்து சுருங்குகிறது?' என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் பதில் இங்கே இருக்கிறது. டெஸ்மோசோம் புரதத்தின் ஜீனில் கோளாறு இருந்தால் செல்கள் பிரிந்து அழிந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் ஏறும், பெரும்பாலும் வலது வென்ட்ரிக்கிளில் (இதயத்தின் கீழறையில்). விளையாடிக்கொண்டிருந்த பையன் சுருண்டு விழுந்து இறந்தான் என்ற செய்திகளில் சிலவற்றின் காரணம் இந்த நோய்தான்.

மாரடைப்பு ஸ்லைடுக்கு நேரக்கணக்கு முக்கியம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தாத்தா ராத்திரி நெஞ்சுவலியை 'வாயுதான்' என்று ஓமத்தண்ணீர் குடித்துச் சமாளித்துவிட்டு விடிந்தபின் வருகிறார் என்று வையுங்கள். ரத்தம் முழுக்க நின்ற இடத்தில் செல்கள் 20 முதல் 40 நிமிடத்துக்குள்ளேயே மீளமுடியாமல் சாக ஆரம்பித்துவிடும், ஆனால் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, மிஞ்சிப்போனால் ஓரத்து இழைகள் அலை அலையாக வளைந்திருக்கும். செத்த செல்லின் சவ்வு கிழிந்து டிரோபோனின் என்ற தசைப் புரதம் ரத்தத்துக்கு வருவதற்கும் நேரம் பிடிக்கும். அதனால்தான் முதல் டெஸ்ட் நார்மல் என்றாலும் திரும்ப எடுக்கிறார்கள். 1 முதல் 3 நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் கூட்டம், நியூக்ளியஸ் மறைந்த ரோஸ் இழைகள். 3 முதல் 7 நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் செத்ததைத் தின்னும். சுவர் அப்போதுதான் ரொம்பப் பலவீனம், கிழியும் ஆபத்தும் அப்போதுதான். வலி போய்விட்டதே என்று தாத்தா வீட்டுக்குக் கிளம்பத் துடிப்பதும் அந்த வாரத்தில்தான். சுமார் 2 மாதத்தில் அங்கே வெறும் தழும்பு, அது சுருங்காது.

சரி, ரெக்கார்டு. ரோஸ் பென்சிலில் கிளைகள், ஊதாவில் நியூக்ளியஸ், டிஸ்க்கை மட்டும் அழுத்தி, படிபடியாக. நியூக்ளியசை ஓரத்தில் வைத்துவிடாதீர்கள், நான் அதையும் செய்து ரெக்கார்டைத் திரும்ப வாங்கியவன்.