எல்லாத்தையும் சதுப்புன்னு சொல்லிராதீங்க

எங்க சொந்தக்காரர் ஒருத்தரு லோனுக்காக பத்திரத்த குடுத்திருந்தாருங்க, ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கா பாயற பூமி, நெல்லும் மஞ்சளும் மாத்தி மாத்தி போடறது. இங்கிலீஷ் பேப்பர்ல ‘வெட் லேண்ட்’னு இருந்தத யாரோ போன்லயே தமிழாக்கி ‘சதுப்பு நிலம்’னு எழுதிப்போட்டாங்க. அத சரி பண்றதுக்குள்ள மனுசன் ரெண்டு வாரம் அலைஞ்சுட்டாரு. ரெவின்யூ கணக்குல வெட் லேண்ட்னா நஞ்சை, அவ்வளவுதான், பாசன வசதி இருக்கற வயலு. நஞ்சை ஊத்துக்குளி, புஞ்சை புளியம்பட்டின்னு ஊர் பேருலயே நம்ம பக்கம் இந்தப் பிரிவு ஒட்டிக்கிட்டு இருக்குது, அப்படியிருந்தும் கோட்டை விடறோம். அதே ரெண்டு வார்த்தைய சேத்து ‘வெட்லேண்ட்’னு எழுதுனா அது ஈரநிலம், அது வேற சமாச்சாரம்.

ஈரநிலத்தையும் சதுப்பு நிலத்தையும் ஒண்ணாப் போடறதுதான் இப்ப நான் அதிகமாப் பாக்கற தப்பு. வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு 2022லயும் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு 2024லயும் ராம்சார் அந்தஸ்து கெடச்சுதுங்களா, ஒடனே ‘நம்மூரு சதுப்பு நிலம்’னு ஸ்டேட்டஸ் போட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டுமே தண்ணி தேக்குன ஏரி, குளம். ராம்சார்ங்கறது ஆளு பேரும் இல்லீங்க, ஈரான்ல ஒரு ஊரு, 1971ல ஈரநிலங்களக் காப்பாத்தறதுக்கு அங்க ஒப்பந்தம் போட்டாங்க. அந்தக் கணக்குப்படி கொளம், ஏரி, ஆறு, கடலோரத்துல வத்தம் போதும் ஆறு மீட்டருக்கு மேல ஆழமில்லாத தண்ணி, மனுசன் வெட்டுன தேக்கம் எல்லாமே ஈரநிலந்தான், சதுப்பு அதுல ஒரு வகை. சதுப்பு எல்லாம் ஈரநிலம், ஆனா ஈரநிலம் எல்லாம் சதுப்பு ஆகாது. இமயமலையத் தாண்டி வந்து நஞ்சராயன் கொளத்துல எறங்கற பட்டைத்தலை வாத்துக்கு என்ன பேரு வெச்சாலும் ஒண்ணுதான், ஆனா பாடம் எழுதறவங்களும் செய்தி எழுதறவங்களும் மாத்தி எழுதுனா படிக்கற புள்ளைங்களுக்கு அந்த எடம் எப்படி இருக்கும்னே மனசுல வராதுங்க.

சதுப்புக்குள்ளயும் வகை இருக்குது. இங்கிலீஷ்ல புல்லு, கோரை, நாணல் மொளைக்கறது மார்ஷ், மரம் நிக்கறது ஸ்வாம்ப், பாசி மக்கி மக்கி கரி மாதிரி படிஞ்சு கெடக்கறது பாக். மொழிபெயர்க்கறவங்க மூணுக்கும் ‘சதுப்பு’ன்னு ஒரே வார்த்தைய போட்டுட்டுப் போயிடறாங்க. புல் சதுப்பு, மரச் சதுப்புன்னு ஒரு சொல்லு கூட சேத்தா என்ன கொறஞ்சு போகுது? பள்ளிக்கரணை புல்லும் கோரையுமா இருக்கற சதுப்பு, பிச்சாவரம் மரம் நிக்கற சதுப்பு. பிச்சாவரம், முத்துப்பேட்டை மாதிரி உப்புத் தண்ணியில நிக்கற காட்டுக்கு அலையாத்திக் காடுன்னு அருமையான பேரு இருக்குது, அலைய ஆத்தற காடு, அத உட்டுட்டு மாங்குரோவுன்னே எழுதறது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

அடுத்து சேறு, சகதி, உளை. பேப்பர்ல ‘சேறும் சகதியுமா ரோடு’ன்னு ரெண்டையும் ஜோடியாவே எழுதிப் பழகிட்டதால ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிப்போச்சு. சேறு கெட்டது இல்லீங்க. நெல்லு நடறதுக்கு முன்னாடி தண்ணி கட்டி சேத்துழவு ஓட்டறதே மண்ணு கொழஞ்சு அடியில இறுகி, நட்ட வயல்ல தண்ணி சீக்கிரமா எறங்கிப் போகாம நிக்கணும்னுதான், சேத்துல கால வெச்சாத்தான் சோத்துல கைய வெக்க முடியும்னு பெரியவங்க சொன்னதும் அந்த சேத்தத்தான். யாருக்கும் ஆகாம காலுல அப்பிக்கறது சகதி. உளைங்கறது காலு உள்ள போறது, வெளிய எடுக்க எடுக்க எறங்கறது. எங்க அப்பாரு வாய்க்கா மதகுப் பக்கம் என்னைய கூட்டிட்டுப் போறப்ப கையில இருக்கற தடிய முன்னாடி ஊணிப் பாப்பாரு, தடி ஒரு சாணு எறங்கி நின்னா ‘வா சாமி, சேறுதான்’ம்பாரு, நிக்காம போயிட்டே இருந்தா தோள்ல கை வெச்சு இந்தப் பக்கமா இழுத்துக்குவாரு. அவருக்கு ரெண்டும் ரெண்டு சொல்லு, கொழப்பிக்கவே மாட்டாரு.

எல்லாத்துலயும் பெருசா எடறி உழுகறது களர்ங்கற சொல்லுலதாங்க. திருக்குறள் 500ல ‘காலாழ் களரில் நரியடும்’னு வருதில்ல, வேல் புடிச்ச வீரனயே குத்தித் தூக்குன யானைய, களர்ல காலு மாட்டிக்கிட்டா நரி கொன்னுருமாம். இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச களரு உப்பு மாதிரி பூத்துக் கெடக்கற வெள்ளாம ஆகாத மண்ணு, அதுல யானை எப்படிங்க மாட்டும்? அங்க களர்னா காலு புதையற சேத்து நிலம். ஆனா அதே வள்ளுவர் 406ல படிக்காதவங்கள ‘பயவாக் களரனையர்’ங்கறாரு, அங்க ஒண்ணும் வெளையாத நிலம். ஒரே நூலு, ஒரே சொல்லு, ரெண்டு அர்த்தம், முன்ன பின்ன இருக்கற சொல்லப் பாக்காம அகராதிய மட்டும் நம்புனா தப்பாயிரும். அளறும் அப்படித்தான், மொதல்ல சேறு, அப்புறம் நரகம், 835ல ‘தான்புக் கழுந்தும் அளறு’ன்னு சொல்றப்ப நரகத்துக்குள்ளயும் அந்த சேறு தெரியுது பாருங்க, அழுந்தறதுன்னுதானே சொல்றாரு.

வெவசாயம் பண்றவங்க களரையும் உவரையும் ஒண்ணாச் சொன்னா காசே போயிரும். களர் மண்ணுன்னா சோடியம் ஏறுன மண்ணு, கார அமில நெல (பி.எச்) 8.5க்கு மேல இருக்கும், ஜிப்சம் போட்டு தண்ணி கட்டி வடிச்சு பசுந்தாள் உரத்துக்குத் தக்கப்பூண்டு வெதச்சு மடக்கி உழுகோணும். உவருன்னா கரையற உப்பு சேந்தது, நல்ல தண்ணிய உட்டு உப்பக் கரைச்சு வடிச்சு வெளிய தள்ளோணும், அதுக்கு ஜிப்சம் மூட்ட மூட்டையா கொட்டி பிரயோசனமில்ல. மண்ணுப் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டு பேரு சொல்லுங்க.

குட்டைய வெச்சும் ஒரு தப்பு நடக்குது, கல்யாண வாழ்த்துல ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’னு போட்டிருந்தத பாத்தேன், ஒத்துமையா இருக்காங்கன்னு பாராட்டறாங்களாம். தேங்கா மட்டைய நாறத் தண்ணியில மாசக்கணக்குல ஊற வெச்சுத்தான் அந்தக் காலத்துல நாரு உரிப்பாங்க, அதுல எந்த மட்டைய எடுத்தாலும் ஒரே வாடைதான், அதனால ரெண்டு பேரும் ஒரே மாதிரி மோசம்னு திட்டறதுக்குத்தான் அந்தப் பழமொழி.

கடைசியா பள்ளம். வெளியூருக்காரங்க பள்ளம்னா குழி, தண்ணி தேங்கற எடம், சேத்து நெலம்னு நெனச்சுக்கறாங்க. நம்ம பக்கம் பள்ளம்னா ஓடை, தண்ணி ஓடற தடம், கோபி பக்கத்துக் குண்டேரிப்பள்ளம், அந்தியூர் வறட்டுப்பள்ளம் ரெண்டுலயும் அணையே கட்டியிருக்குது. வருசத்துல பாதி நாளு காஞ்சு மணலாக் கெடக்கும், மேக்க மலையில மழ புடிச்சா இங்க வானம் வெளுத்திருக்கறப்பவே தண்ணி வந்துரும். அதனால ‘பள்ளம் வருது’ன்னு யாராச்சும் சத்தம் போட்டா எந்தக் குழின்னு தேடிட்டு நிக்காதீங்க, வண்டிய எடுத்து மேட்டுல நிறுத்திருங்க.