வடசென்னைப் பிள்ளைகளுக்கு அதிசய சக்தி: அறிவியல் புனைகதைத் தொடர் எழுதத் தொடங்குபவர்களுக்கு

பதின்ம வயதுப் பிள்ளைகள், அவர்களுக்கு ஓர் அதிசய சக்தி, அதை வைத்து ஓர் அறிவியல் புனைகதைத் தொடர். இப்படி ஒன்று எழுத ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். முதல் அத்தியாயம் ஒரே மூச்சில் வந்துவிடும். மூன்றாவதோ நான்காவதோ எழுதும்போது கதை நின்றுவிடும். அதை நிற்காமல் கொண்டுபோவது எப்படி என்பதை, எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு தொடரை எழுதி முடித்த கையோடு இங்கே எழுதி வைக்கிறேன். என் கதை காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் நடக்கிறது. உங்கள் கதை வேறு ஊரில் நடந்தாலும் முறை இதேதான்.

அத்தியாயம் பிரிப்பது, பத்தி பிரிப்பது மாதிரி விஷயங்களுக்குள் போகவில்லை. நேராக வேலைக்கு வருவோம்.

படி 1: சக்தியின் விலையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் சக்தி, வலப்பக்கம் விலை. வலப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள். எனக்கு அதிக நாள் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செல்வி என்று ஒரு பெண். பத்தாவது படிக்கிறாள். எவ்வளவு கனமான பொருளையும் தூக்குவாள். சரி, தூக்கட்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளில் ஒன்று கவிழ்ந்து, அடியில் ஒரு பையன் மாட்டிக்கொள்கிறான். சரக்கோடு சேர்த்து கண்டெய்னர் 24 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நிறையை 9.8ஆல் பெருக்கி, உயரத்தாலும் பெருக்க வேண்டும். பள்ளிப் பாடப் புத்தகத்துக் கணக்குதான். 235 கிலோஜூல் வரும்.

இதைப் பார்த்து அசந்துபோகாதீர்கள், இது சின்ன எண். மனிதத் தசை தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். அதையும் சேர்த்தால் மொத்தம் 940 கிலோஜூல். ஓர் இட்லிக்குச் சுமார் 50 கலோரி என்று போட்டால் நான்கைந்து இட்லி. அப்படியானால் "தூக்கியதும் பசித்தது" என்று எழுதுவதில் பெரிய விலை எதுவும் இல்லை. நான்கு இட்லி சாப்பிட்டால் சரியாகிவிடும் ஒரு சக்தியை வைத்துக்கொண்டு நாற்பது அத்தியாயம் எழுத முடியாது.

விலை மிச்சமுள்ள முக்கால் பங்கில் இருக்கிறது. அந்த 705 கிலோஜூலும் வெப்பமாக அவள் உடம்பிலேயே தங்கும். 50 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 175 கிலோஜூல் போதும். ஆக நான்கு டிகிரி ஏறும். 37இலிருந்து 41. அதுவும் சில வினாடிகளில். உடல் வெப்பம் 40ஐத் தாண்டினாலே வெப்ப வாதம், குழப்பம், வலிப்பு எல்லாம் வரலாம். இப்போது கதை கிடைத்துவிட்டது. அவளால் தூக்க முடியும், ஆனால் ஒரு முறைதான். அடுத்த முறை தூக்கினால் செத்துப்போவாள்.

வியர்க்காதா என்று கேட்பீர்கள். வியர்க்கும். 300 மில்லி வியர்வை முழுக்க ஆவியானால் அந்த வெப்பம் போய்விடும். ஆனால் மே மாதம் காசிமேட்டுக் கடற்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், வியர்வை ஆவியாகாது, வழியத்தான் செய்யும். காற்றில் அவ்வளவு ஈரம். அதனால் இந்தப் பெண்ணின் சக்தி மார்கழியில் ஒரு மாதிரியும் கத்திரி வெயிலில் வேறு மாதிரியும் இருக்கும். ஊரே அவள் சக்திக்கு அளவுகோல் ஆகிவிடுகிறது.

அப்புறம் ஐஸ். 705 கிலோஜூலில் சுமார் 2 கிலோ ஐஸ் உருகும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. என் கதையில் செல்வியின் தம்பி மீன்பாடி வண்டியில் உடைத்த ஐஸை ஏற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே மிதிக்கிறான். இந்தப் பாத்திரத்தை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கணக்குதான் கொடுத்தது.

கணக்கைப் போட்ட பிறகு எழுதிய காட்சி இது:

"கண்டெய்னர் எழும்பியது. அடியில் இருந்தவனை இரண்டு பேர் இழுத்துப் போட்டார்கள். செல்வி கையை எடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். தார் இளகி, அவள் செருப்பு இரண்டும் ரோட்டோடு அப்பிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் சொம்புத் தண்ணீரை நீட்டியவர், விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். 'இன்னாமா இது, உடம்பு இப்டி கொதிக்குது?' அவளுக்குப் பதில் சொல்ல நாக்கு புரளவில்லை."

செருப்பு ரோட்டில் அப்பியதும் கணக்குதான். 24 டன்னைத் தூக்குபவளின் இரண்டு பாதங்கள் வழியாக அந்தக் கனம் முழுவதும் தரையில் இறங்க வேண்டும். கடற்கரை மணலில் நின்று தூக்க வைத்தால் முழங்கால் வரை புதைந்துபோவாள்.

மின்சாரம் தரும் பையனை எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் சாப்பாடு 2,000 கலோரி, அதாவது ஏறத்தாழ 2.3 யூனிட் கரண்ட். அவன் சாப்பிட்டது மொத்தத்தையும் கரண்டாக மாற்றினாலும் ஒன்றரை டன் ஏசி இரண்டு மணி நேரம்கூட ஓடாது. கரண்ட் போன ராத்திரியில் தண்டையார்பேட்டையின் ஒரு தெருவில் எல்லா வீட்டு ஏசியையும் அவன் ஓடவைத்தான் என்று எழுதினால் படிக்கிற பிள்ளையே கணக்குப் போட்டுக் காட்டிவிடும். ஒரு வீட்டில் மூச்சுத் திணறுகிற தாத்தாவின் ஆக்சிஜன் கருவியை அவன் கொஞ்ச நேரம் ஓடவைக்கட்டும். கதைக்கு அது போதும்.

படி 2: எல்லா விலையும் வெப்பமாக இருக்கக் கூடாது

இரண்டாவது பாத்திரத்துக்கு வேறு வகை விலை கொடுங்கள். என் கதையில் அன்வர் தண்ணீருக்குள் எந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவான். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் மனிதர்களுக்கு அது மிகவும் கடினம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது, தண்ணீரில் 1,500 மீட்டர். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சத்தம் வந்து சேர்கிற நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீரில் அந்த வித்தியாசம் கால் பங்குக்கும் கீழே குறைந்துவிடுவதால், சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவது போலிருக்கும்.

அன்வரின் மூளை தண்ணீருக்குப் பழகிவிடுகிறது. விலை என்ன? கரைக்கு வந்ததும் கொஞ்ச நேரத்துக்குக் காற்றில் திசை தெரியாது. லாரி ஹாரன் இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் திரும்புவான். திருவொற்றியூர் கடலோரச் சாலையைக் கடக்கிற பையனுக்கு அது உயிர் போகிற விஷயம்.

மூன்று பேருக்கு மேல் சக்தி கொடுக்காதீர்கள். தொடங்குபவர்களுக்கு மூன்றே அதிகம்.

படி 3: சக்தி எங்கிருந்து வந்தது

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆலைக் கழிவு உடம்பில் பட்டது, சக்தி வந்தது என்று எழுதாதீர்கள். வடசென்னையை வைத்து எழுதும்போது கண்டிப்பாக வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்துப்போயின. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். அதே மாத இறுதியில் உர ஆலையின் அம்மோனியா குழாய் கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து கிடக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு மாசு கொடுத்தது இருமலையும் தோல் நோயையும்தான். அதையே வரமாக மாற்றிக் காட்டுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

வேறு வழி இருக்கிறது. தாய்லாந்துக் கரையோரம் வாழும் மோக்கன் இனத்துப் பிள்ளைகள் தண்ணீருக்குள் நம்மைவிடத் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண்ணின் பாவையை நன்றாகச் சுருக்கிக்கொள்வதால் அது முடிகிறது. பயிற்சி கொடுத்ததும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் அது வந்துவிட்டது. மூச்சுப்பிடித்து மூழ்க மண்ணீரல் உதவும்; தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் இனத்தவரின் மண்ணீரல் பக்கத்து ஊர்க்காரர்களுடையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றும், அது பரம்பரையாக வருவது என்றும் 2018இல் கண்டார்கள். ஒன்று பழக்கத்தால் வருவது, மற்றது ரத்தத்தில் வருவது. இரண்டுமே கடலோடு வாழ்கிறவர்களுக்கு வாய்த்தவை. அன்வரின் தாத்தா மூச்சுப்பிடித்துக் கடலடியில் வலை எடுத்தவர் என்று ஒரு வரி எழுதினேன். அவனுடைய சக்திக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படி 4: காலண்டரைக் கிழியுங்கள்

எனக்குப் பிடித்த கருவி தினசரிக் காலண்டர். கதைத் திட்டம் போட ஆயிரம் செயலிகள் இருக்கின்றன, எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. காலண்டர் தாளில் அமாவாசை, பௌர்ணமி, கத்திரி தொடக்கம், விடுமுறை எல்லாம் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி வாக்கில் கடல் ஏற்றம் அதிகம், முகத்துவாரக் காட்சிக்கு அது உதவும்.

முதல் பாகத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தாள்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அதற்குள்ளேயே பள்ளி விடுமுறை வந்துவிடுகிறது, மே தொடக்கத்தில் கத்திரியும் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வீட்டில் வருமானம் இல்லை, அப்பாவுக்கு எரிச்சல். படகு போகாததால் ஐஸுக்குத் தேவை குறைந்து, ஐஸ் கிடைப்பதும் குறைகிறது. அதே நேரத்தில் வெயில் செல்வியின் சக்தியை ஆபத்தாக்குகிறது. வில்லனே இல்லாமல் முப்பது அத்தியாயம் ஓட்டலாம்.

படி 5: ரகசியத்துக்கு இடம் ஏது?

இந்த மாதிரிக் கதைகளில் பிள்ளைக்குத் தனி அறை இருக்கும், கதவைச் சாத்திக்கொண்டு சக்தியைப் பழகும். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறை, ஆறு பேர். எங்கே பழகுவது? மொட்டை மாடியில் துணி காயப்போட ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். தண்ணி லாரி வந்தால் தெருவே வெளியில் நிற்கும். அதனால் இங்கே ரகசியத்தை ஒருவர் மட்டும் காப்பாற்ற முடியாது, குறைந்தது ஒரு பக்கத்து வீட்டு அக்காவாவது கூட்டுச் சேர வேண்டும். அந்த அக்காவை முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

கத்தி, ரவுடி, போலீஸ் துரத்தல் வேண்டாம். சினிமா அதைப் போதும் போதும் என்கிற அளவுக்குக் காட்டிவிட்டது. இங்கே தெருவுக்குத் தெரு கேரம் மன்றம் இருக்கிறது, குத்துச்சண்டைப் பயிற்சி இருக்கிறது, வியாசர்பாடியில் கால்பந்து இருக்கிறது. வியர்வை சிந்திப் பழகிய பிள்ளையும் சும்மா கிடைத்த சக்தியுள்ள பிள்ளையும் ஒரே மைதானத்தில் நின்றால் என்ன நடக்கும்? எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அதுதான்.

படி 6: பேச்சு

எல்லோரையும் "இன்னா நைனா" என்று பேச வைக்காதீர்கள். ஆயா ஒரு மாதிரிப் பேசுவார், பள்ளிக்கூடத்தில் பேத்தி வேறு மாதிரிப் பேசுவாள், வீட்டுக்கு வந்ததும் அவளே மாறிவிடுவாள். தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு, உருது பேசும் வீடுகள் உண்டு. எழுதியதை அந்த வயதுப் பிள்ளை ஒன்றை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கே சிரித்தால் அந்த வசனத்தை மாற்றுங்கள்.

தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகை. பழகக் கொஞ்ச நாள் ஆகும், அப்புறம் கை தானாக ஓடும். போனில் எழுதுபவர்கள் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "கீது" என்று நீங்கள் அடிப்பதை அது "கீதா" என்று மாற்றி வைக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு எழுதத் தொடங்கிய சிலர் இரண்டு சந்தேகம் கேட்டார்கள்.

ஒன்று, தடைக்காலத்தில் ஒரு படகும் போகாதா? விசைப்படகுக்குத்தான் தடை. கரையோரம் தொழில் செய்யும் ஃபைபர் படகுகள் போகும். உங்கள் பாத்திரத்தின் அப்பா எந்தப் படகில் போகிறவர் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கதை பழைய ஆண்டில் நடந்தால்? தடைக்காலம் 61 நாள் ஆனது 2017இல், அதற்கு முன்பு 45 நாள்தான். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில், அதற்கு முன் நடக்கும் கதையில் பிள்ளைகள் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோதான் போக முடியும். ராயபுரம் ரயில் நிலையம் மட்டும் 1856இலிருந்து இருக்கிறது, எந்த ஆண்டிலும் தைரியமாகக் காட்சி வைக்கலாம். கதை நடக்கும் ஆண்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அந்த ஆண்டுக் காலண்டரைத் தேடி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.